கிருமியைக் கொன்றது ஆவாரையா, துத்தநாகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவாரை இலையிலிருந்து கிருமிகளைக் கொல்லும் நானோ மருந்தை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களால் ஆன பொடியை, மாணவிகள் கண்டுபிடித்ததாகத் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் அண்மையில் வந்த செய்தியைப் பற்றி எழுதுகிறேன். படம் நன்றாக இருந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவிகள், நடுவில் துறைத்தலைவர், அவர் கையில் ஒரு குப்பி, குப்பியில் வெள்ளைப் பொடி. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியையும் நிருபர் விட்டுவைக்கவில்லை. இயற்கை, மூலிகை, பக்கவிளைவு அற்றது என்ற சொற்கள் செய்தி முழுவதும் இறைந்து கிடந்தன. துத்தநாகம் மட்டும் கடைசிப் பத்தியில் ஓரமாக வந்து போனது. குப்பியில் இருந்த பொடியோ ஏறக்குறைய முழுக்க முழுக்கத் துத்தநாக ஆக்சைடு.

நான் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இந்தப் பொடி எனக்கு நெடுநாள் பழக்கம். நம் ஊர்க் கல்லூரிகளில் ஜனவரி பிறந்தால் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் காலம். வேதியியலோ, நுண்ணுயிரியலோ, உயிர்த்தொழில்நுட்பமோ, ஏதாவது ஒரு மேசையில் ஏதாவது ஓர் இலை கொதித்துக்கொண்டிருக்கும். வேம்பு, துளசி, கற்றாழை, முருங்கை, ஆடாதொடை, நொச்சி, குப்பைமேனி என்று வரிசையாக முடித்தாயிற்று. வளாகத்தில் இன்னும் யாரும் கைவைக்காத செடி எது என்று தாவரவியல் துறையில் போய் விசாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். செடி புதிது என்றால் கட்டுரையும் புதிது என்பது எழுதப்படாத விதி. அந்தப் பெண்கள் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். இலையைப் பறித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, விடுதிச் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு உலைக்குக் காவல் இருந்திருப்பார்கள். குறை இருப்பது அவர்களுக்கு மேலே இருப்பவர்களிடமும், மன்னிக்க வேண்டும், தங்கள் செய்திப் பிரிவிடமும்தான்.

இதை எழுத வைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணாச்சி. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். இடது காலில் ஆறாத புண். தங்கள் செய்தியைக் கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "டீச்சரம்மா, இந்த ஆவாரம் இலையை அரைத்துப் புண்ணில் வைத்துக் கட்டினால் போதுமா, அல்லது கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டுமா?" என்று கேட்டார். இரண்டும் வேண்டாம் அண்ணாச்சி, கட்டு மாற்றப் போகும் நாளைத் தவறவிடாதீர்கள் என்றேன். "பேப்பரில் போட்டிருக்கிறதே" என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபதில் இல்லை. தங்களிடம் இருக்கலாம்.

அந்தப் பொடி எப்படிப் பிறக்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சில கிராம் இலையைக் காய்ச்சி வடிகட்டிய நீரில் கொதிக்க வைத்து வடித்தால் பழுப்பு மஞ்சளாக ஒரு சாறு கிடைக்கும். அதில் துத்தநாக நைட்ரேட் உப்பைக் கரைப்பார்கள். உப்பு காட்டிலிருந்து வருவதில்லை. ரசாயனக் கடையிலிருந்து பாட்டிலில் வருகிறது. அறுபது, எண்பது டிகிரியில் கிளறக் கிளறக் கலவை வற்றிக் குழம்பாகும். அந்தக் குழம்பைப் சூடு தாங்கும் பீங்கான் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, மஃபிள் உலை என்ற மூடிய மின்சார உலையில் 400 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். ஆறியபின் எடுத்தால் வெள்ளைப் பொடி. இதில் இலையை எடுத்துவிட்டு உப்பை மட்டும் உலையில் வைத்தாலும் கிடைப்பது துத்தநாக ஆக்சைடுதான். நைட்ரேட் உப்பு சூட்டில் தானாகச் சிதைந்து ஆக்சைடாகிவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு பழுப்புப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகை நுரையீரலை அரிக்கும். "பசுமை முறை" என்று தலைப்பிட்ட ஆய்வேட்டில் இந்தப் புகைக்கு ஒரு வரி ஒதுக்கியவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் இலைக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் செய்தியில் சொன்ன வேலை அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.சி. பாட்டீல் 1980களில் உலோக நைட்ரேட்டுகளோடு யூரியா போன்ற எரிபொருளைக் கலந்து சூடாக்கி, நொடியில் எரியவிட்டு, மென்மையான ஆக்சைடு பொடிகளைத் தயாரிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். நம் இலைச்சாற்றில் இருக்கும் சர்க்கரைகளும், பாலிஃபீனால் என்ற தாவரச் சேர்மங்களும் உலைக்குள் அந்த யூரியாவின் வேலையைத்தான் செய்கின்றன: எரிகின்றன, வாயுவாகின்றன, துகள்கள் பெரிதாகத் திரண்டுவிடாமல் பிரிக்கின்றன. துகளின் அளவும் வடிவமும் இதனால் மாறலாம். அதை ஒழுங்காக அளந்து எழுதினால் நல்ல ஆய்வு. அதைச் சொல்லாமல், "ஆவாரையின் மருத்துவக் கூறுகள் துகளின் மேல் படிந்து கிருமியைத் தாக்குகின்றன" என்று எழுதுகிறார்கள். 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் வெந்தபின் ஃபிளேவனாய்டு போன்ற எந்த இலைச் சேர்மம் மிச்சமிருக்கும்? எஞ்சுவது சிறிது கரியும் சாம்பலின் தாதுக்களும்தான். அகச்சிவப்பு நிறமாலையில் 3400 பக்கம் ஒரு பள்ளம் தெரிந்தால் அது இலையின் பாலிஃபீனால் என்று குறித்துவிடுகிறார்கள். நெல்லைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிய எந்தப் பொடியும் அந்தப் பள்ளத்தைக் காட்டும்.

இன்னொன்று வேதியியல் படித்தவளாக என்னை உறுத்துவது. "இலைச்சாறு துத்தநாக அயனிகளை ஒடுக்கி நானோ துகள்களாக மாற்றுகிறது." ஒடுக்குவது என்றால் எலக்ட்ரான் கொடுப்பது. இந்த வாக்கியம் கட்டுரைக்குக் கட்டுரை, ஆய்வேட்டுக்கு ஆய்வேடு நகலாகி, தங்கள் செய்திக்கும் வந்துவிட்டது. இது வெள்ளியிலிருந்து இரவல் வாங்கியது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஜெரேனியம் இலைச்சாற்றிலும் வேப்பிலைச் சாற்றிலும் வெள்ளி, தங்க நானோ துகள்களை உண்டாக்கிக் காட்டியது. வேப்பிலைக் கட்டுரை 2004-இல் வந்தது. அங்கே ஒடுக்கம் உண்மையிலேயே நடக்கிறது. வெள்ளி அயனி எலக்ட்ரானை வாங்கி வெள்ளி உலோகமாகிறது. எவ்வளவு எளிதில் ஒடுங்கும் என்பதைக் காட்டும் அதன் ஒடுக்க மின்னழுத்தம் நேர் 0.80 வோல்ட், தாவரச் சாறு எளிதில் செய்யக்கூடிய வேலை. துத்தநாகத்துக்கு அது எதிர்க்குறி 0.76 வோல்ட். எந்த இலைக் கஷாயமும் அதை ஒடுக்காது. ஒடுக்கினாலும் கிடைப்பது துத்தநாக உலோகமே தவிர ஆக்சைடு அல்ல. ஆக்சைடில் துத்தநாகம் உப்பில் இருந்த அதே இரண்டு நேர்மின்னூட்டத்தோடுதான் இருக்கிறது. யாரும் அதற்கு எலக்ட்ரான் கொடுக்கவில்லை. பிளஸ் டூ மாணவி எழுதினால் மதிப்பெண் போகும் பிழை, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைத் தாண்டிப் போகிறது.

இனி கிருமிக்கு வருவோம். முல்லர்–ஹின்டன் அகார் என்ற கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் ஈ. கோலையையோ ஸ்டெஃபைலோகாக்கஸையோ பரப்பி, குழி தோண்டி, பொடி கலந்த நீரை ஊற்றி, இரவு முழுவதும் 37 டிகிரியில் வைத்தால், காலையில் குழியைச் சுற்றி வளர்ச்சி இல்லாத ஒரு வட்டம். கல்லூரியில் எல்லாரும் அதைச் "சோன்" என்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் சோன் என்பதுதான் அன்றைய காலையின் பேச்சு. தங்கள் செய்தியில் அந்த வட்டத்தை ஆன்டிபயாடிக் வட்டத்தோடு ஒப்பிட்டு, "கிட்டத்தட்ட இணையானது" என்று எழுதியிருக்கிறார்கள். இணையாக வைத்தது எதை எதோடு? சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தோய்த்துத் தட்டில் வைக்கும் வழக்கமான காகித வில்லையில் மருந்து 5 மைக்ரோகிராம். மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று கலக்கிய பொடிநீரில் 100 மைக்ரோலிட்டரைக் குழியில் ஊற்றினால் உள்ளே போவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபது மடங்கு. பல ஆய்வேடுகளில் இதைவிடக் கெட்டியாகவும் கலக்குகிறார்கள். அது போகட்டும். வட்டத்தின் அகலம், மருந்து அகாருக்குள் எவ்வளவு தூரம் ஊர்ந்தது என்பதையும் பொறுத்தது. கரையாத துகள் அந்தக் கூழுக்குள் நகராமல் குழியிலேயே தங்கிவிடும். நகர்வது அதிலிருந்து கரைந்த துத்தநாக அயனி. ஆக, அளவுகோலே இரண்டு பொருளுக்கும் ஒன்றல்ல. எவ்வளவு குறைந்த செறிவில் வளர்ச்சி நிற்கிறது என்பதைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பதுதான் முறை. ஆய்வகங்கள் தரக்கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ. கோலைக்குச் சிப்ரோஃபிளாக்சசினின் அந்த எல்லை மில்லிலிட்டருக்கு 0.004 முதல் 0.016 மைக்ரோகிராம். துத்தநாக ஆக்சைடுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம், சில நேரம் மில்லிகிராம். இடைவெளி பல்லாயிரம் மடங்கு.

அந்தத் தட்டில் என்ன இல்லை என்று பார்க்கத்தான் நான் முதலில் கண்ணை ஓட்டுவேன். இலைச்சாறு மட்டும் ஊற்றிய குழி பெரும்பாலும் இருக்கும். அதே அளவு துத்தநாகம் கொண்ட வெறும் உப்புக் கரைசலுக்கு ஒரு குழி இருக்கிறதா? இலையே படாமல் செய்த துத்தநாக ஆக்சைடுக்கு ஒரு குழி? இந்த இரண்டும் இல்லாத தட்டிலிருந்து ஆவாரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது. ஏனென்றால் துத்தநாக ஆக்சைடு கிருமிகளைக் கட்டுப்படுத்தும் என்பது பழைய செய்தி. 1990களில் ஜப்பானில் ஜுன் சவாயும் அவரது குழுவினரும் சாதாரணத் துத்தநாக ஆக்சைடு பொடி நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதையும், அது கிருமிகளைத் தாக்குவதையும் அளந்து காட்டிவிட்டார்கள். அங்கே இலை ஏதும் இல்லை. பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள், கரைந்து வரும் துத்தநாக அயனி, துகள் உரசுவதால் செல்சவ்வுக்கு ஏற்படும் சேதம் ஆகிய மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதுதான் இன்றும் விவாதம். ஒளி பட்டால் விளைவு கூடும். தட்டு வெளிச்சத்தில் இருந்ததா, இன்குபேட்டர் இருட்டில் இருந்ததா என்றுகூட நம் ஆய்வேடுகள் குறிப்பதில்லை.

சொல்லப்போனால், துத்தநாகத்தை இலைச்சாற்றோடு சேர்த்து நெருப்பில் வைப்பதும் நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் நாகபற்பம் உண்டு. நாகம் என்று அவர்கள் சொல்வது துத்தநாகம். மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, உலர்த்தி, அகலில் மூடிச் சீலைமண் செய்து, எரு அடுக்கிப் புடம் போடுவார்கள். மஃபிள் உலை வந்தபின் எருவின் செலவு மிச்சம், அவ்வளவுதான். ஆங்கில மருத்துவத்திலும் இந்தப் பொடி பழைய ஆள். அரிப்புக்குத் தடவும் கேலமைன் லோஷனில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. அந்த இளஞ்சிவப்பு சிறிது இரும்பு ஆக்சைடால் வருவது. குழந்தைகளின் தொடையில் அணையாடைப் புண்ணுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பும் இதுவே. பல் மருத்துவர் தற்காலிகமாகக் குழியை அடைக்கும் பசையில் கிராம்பு மணக்கிறதே, அது கிராம்புத் தைலத்தின் யூஜெனாலோடு இந்தப் பொடியைக் குழைத்தது. எல்லாம் மேலே பூசுவது, அடைப்பது. விழுங்கி, ரத்தத்தில் கலந்து, நுரையீரலில் இருக்கும் கிளெப்சியெல்லா கிருமியைத் தேடிப்போய்க் கொல்லும் வேலைக்கு இது ஆகாது. வயிற்று அமிலத்தில் கரைந்து உப்பாகிவிடும். தங்கள் செய்தியோ "ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு மாற்று" என்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2012-இல் மருத்துவர் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இதைப் பற்றித்தான் எச்சரித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், மாற்று மருந்து வந்துவிட்டது என்று எழுதுவது வெறும் உற்சாகம் அல்ல. அண்ணாச்சி அதை நம்பிக் கட்டு மாற்றப் போகாமல் இருந்திருந்தால் கால் போயிருக்கும்.

துத்தநாகம் கொல்வதாலேயே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் வராமல் இருக்க, தீவனத்தில் கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் வரும் அளவுக்கு ஆக்சைடைக் கலந்து கொடுத்து வந்தார்கள். 2022 ஜூனோடு ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்திவிட்டது. சாணத்தோடு மண்ணுக்குப் போய்ச் சேர்வது ஒரு காரணம். கிருமிகளுக்கு எதிர்ப்புத் திறனைப் பழக்குவது இன்னொன்று. பண்ணைகளில் பரவும் ஒருவகை ஸ்டெஃபைலோகாக்கஸில், துத்தநாகத்தைத் தாங்க உதவும் மரபணுவும் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்க உதவும் மரபணுவும் ஒரே டி.என்.ஏ. துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துத்தநாகத்தைக் கொட்டக் கொட்ட, மருந்துக்கு அடங்காத கிருமிக்கே இடம் கொடுத்ததாகிறது. துத்தநாக ஆக்சைடு நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு என்று அதன் பாட்டில் லேபிளிலேயே செத்த மீன் படம் போட்டிருக்கும். லேபிளைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பக்கவிளைவு அற்றது என்று பேட்டி கொடுக்கிறோம்.

பயனுள்ள இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பருத்தித் துணியில் இந்தத் துகளைப் பதித்து, வியர்வை நாற்றம் தரும் கிருமிகள் வளராமல் செய்வது செய்யக்கூடிய வேலை. திருப்பூருக்கும் தேவைப்படும், கோயம்புத்தூரில் சிட்ரா போன்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஆனால் அங்கே சோன் அளவைக் காட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள். இருபது முறை துவைத்தபின் துணியில் எவ்வளவு துத்தநாகம் மிச்சம், துவைத்த நீரில் எவ்வளவு, கிருமி எண்ணிக்கை எத்தனை மடங்கு குறைந்தது என்று கேட்பார்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் திருப்பூர். கழுவிப்போகும் உலோகத்தைக் கணக்கில் எடுக்காத முறையைப் பசுமை என்று அங்கே விற்க முடியாது. ஓர் எம்.எஸ்சி. மாணவி உலோகத்தின் அளவைக் காட்டும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் இந்தத் துவைப்பு நீரை மட்டும் அளந்தாலே, இன்னும் ஒரு புது இலையைக் கொதிக்க வைப்பதைவிட உருப்படியான ப்ராஜெக்ட் ஆகும். எக்ஸ் கதிர், எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்காக அப்பாவிடம் கேட்டு வாங்கும் கட்டணத்திலும் பாதி மிச்சம்.

முனைவர் பட்ட ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் எடுத்துவிட்டது. ஆனாலும் இலைக் கட்டுரைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. தரவரிசைக்கும் பதவி உயர்வுக்கும் எண்ணிக்கை வேண்டியிருக்கிறது. இதைத் தங்களால் திருத்த முடியாது. ஆனால் செய்தி போடுமுன் தங்கள் நிருபர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: "இலை சேர்க்காத துத்தநாக ஆக்சைடு, அதே நாளில், அதே கிருமியில் என்ன செய்தது?" பதில் இருந்தால் எண்ணோடு வெளியிடுங்கள். இலை சேர்த்தது உண்மையிலேயே நன்றாக வேலை செய்திருந்தால் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை செய்தியை நிறுத்தி வையுங்கள். ஒப்பிட வேண்டிய வெறும் பொடி எந்த ரசாயனக் கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை.

கல்லூரி முதல்வர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ப்ராஜெக்ட் தொடங்குமுன் ஆய்வகத்தில் நச்சுப்புகையை வெளியேற்றும் புகைப்பெட்டியின் விசிறி சுற்றுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது பழைய ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கும் அலமாரியாக இருக்கிறது. உலையை அதற்குள்ளோ, வெளியேற்றும் விசிறிக்கு அருகிலோ வையுங்கள். நைட்ரேட்டுக்குப் பதிலாக அசிடேட் உப்பை வாங்கினால் அந்தப் பழுப்புப் புகை வராது. அசிட்டோன் ஆவி வரும், எளிதில் தீப்பற்றும். ஆகவே அப்போதும் காற்றோட்டம் வேண்டும், அருகில் எரியும் அடுப்பு இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை.